அட்டைப்படத்தில் யார், எப்படி? உடற்பயிற்சி இதழ்களில் பெண்களும் இனமும்

நம் இலங்கை மலையகத்தில் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ புதிதாகத் திறக்கிற ஜிம்களின் பெயர்ப்பலகையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரிப் பெண்தான் அதில் இருப்பாள். வெள்ளைத் தோல், தூக்கிக் கட்டிய பொன்னிற முடி, தட்டை வயிறு, கையில் சின்னதாக ஒரு டம்பெல். உள்ளே பயிற்சிக்கு வருகிற நம் பெண்களில் ஒருத்திகூட அந்தச் சாயலில் இருக்க மாட்டாள். பலகை அடித்துக் கொடுத்தவர் இன்டர்நெட்டில் தேடி, முதலில் வந்த படத்தை எடுத்துப் போட்டிருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தேடினதும் அந்தப் பெண்ணே ஏன் முதலில் வந்து நிற்கிறாள்? 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓடி நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவந்த சுசந்திகா ஜயசிங்க நம் நாட்டுக்காரர்தான். அவர் படம் போட்ட ஜிம் பலகை ஒன்று இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

உடற்பயிற்சி செய்யும் பெண் என்றதும் இந்த உருவம்தான் மனதில் வர வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அது மெதுவாகப் பழகிப் போனது. பழக்கியதில் பெரிய பங்கு அமெரிக்க, ஐரோப்பிய உடற்பயிற்சி இதழ்களுக்கு உண்டு. உயர்தரத்தில் ஊடகக் கற்கை எடுக்கிற பிள்ளைகளுக்கும், ஜிம் பக்கம் போகிற அக்காமாருக்கும், இந்த விஷயத்தை முதன்முதலாகக் கேள்விப்படுகிற யாருக்கும் விளங்கும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஊடகங்கள் ஒரு கூட்டத்தாரை எப்படிக் காட்டுகின்றன, எங்கே காட்டாமல் விடுகின்றன என்று ஆராய்வதைப் பிரதிநிதித்துவம் என்ற தலைப்பில் படிக்கிறோம். இதில் முதலில் தெரிய வேண்டிய பெயர் ஸ்டூவர்ட் ஹால். 1932இல் ஜமேக்காவில் பிறந்து, 1951இல் படிப்புக்காக இங்கிலாந்து போனவர். கறுப்பர் ஒருவர் வெள்ளையர் நாட்டில் நின்று அந்த நாட்டுத் தொலைக்காட்சியையும் பத்திரிகையையும் கவனித்துப் பார்த்ததில் பிறந்த சிந்தனை அவருடையது. படம் என்பது இருப்பதை அப்படியே பிடித்து வைப்பது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காட்டும்போதே படம் பொருளை உண்டாக்குகிறது என்றார் ஹால். ஒரே மாதிரி உடல் ஆரோக்கியம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மாதாமாதம் வந்துகொண்டே இருந்தால், பத்து வருசத்தில் அந்த உடல்தான் ஆரோக்கியம் என்று ஆகிவிடும். மற்ற உடல்களெல்லாம் திருத்தப்பட வேண்டியவையாகிவிடும்.

இரண்டாவது கருத்து, குறியீட்டு அழிப்பு. ஜார்ஜ் கெர்ப்னர், லாரி குரோஸ் என்ற இரண்டு ஊடக ஆய்வாளர்கள் 1976இல் எழுதியது இது. 1978இல் கே டக்மன் என்ற சமூகவியலாளர் இதைப் பெண்களுக்குப் பொருத்திக் காட்டினார். ஒரு கூட்டத்தாரை ஊடகத்தில் இல்லாமலே ஆக்குவது ஒரு வழி. காட்டிவிட்டுக் கண்டிப்பது இன்னொரு வழி. காட்டிவிட்டுச் சில்லறை விஷயமாக்குவது மூன்றாவது வழி. இந்த மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. அவர்களையும்தான் காட்டுகிறார்களே என்று விட்டுவிடுகிறோம்.

சரி, இதழ்களுக்கு வருவோம். அமெரிக்காவில் பெண்களுக்கான உடற்பயிற்சி இதழ்கள் பெருகியது 1970களின் கடைசியில். ‘செல்ஃப்’ 1979இல் வந்தது, ‘ஷேப்’ 1981இல். ‘விமன்ஸ் ஹெல்த்’ 2005இல் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்ட இதழ்களின் அட்டைகளை எண்ணிப் பார்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்றைத்தான். வெள்ளையினப் பெண்களே பெரும்பான்மை. கறுப்பின, ஆசிய, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் தெருவில் இருக்கிற அளவுக்கு அட்டையில் இல்லை. வருகிற கறுப்பினப் பெண்களிலும் வெளிர் நிறம் உள்ளவர்களுக்கும், நேராக்கிய முடி உள்ளவர்களுக்கும், ஏற்கெனவே பாட்டிலோ சினிமாவிலோ பெயர் எடுத்தவர்களுக்கும்தான் இடம் சுலபமாகக் கிடைத்தது. வெள்ளைக்காரப் பெண் பெயர் தெரியாத மொடலாக இருந்தாலும் அட்டைக்கு வரலாம். கறுப்பினப் பெண் முதலில் உலகப் புகழ் பெற்றாக வேண்டும்.

இதற்கு வியாபாரக் கணக்கும் ஒரு காரணம். கறுத்த முகம் போட்டால் கடையில் பிரதி விற்காது என்ற நம்பிக்கை இதழ்த் தொழிலில் நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டையில் முதல் கறுப்பினப் பெண்ணாக பெவர்லி ஜோன்சன் வந்ததே 1974இல்தான். ‘எஸன்ஸ்’ என்று கறுப்பினப் பெண்களுக்கான இதழ் 1970இல் தொடங்கியது. அவர்களுக்குத்தான் தனி இதழ் இருக்கிறதே என்று மற்றவர்கள் சொல்வதற்கும் அது வசதியாகப் போயிற்று. பொது இதழ் என்றால் வெள்ளையருக்கு, தனி இதழ் என்றால் மற்றவர்களுக்கு. எது பொது, எது தனி என்று முடிவு கட்டுகிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

கமராவுக்குள்ளேயும் இந்தப் பாகுபாடு இருந்தது. கொடக் நிறுவனம் ஃபிலிம் கழுவிப் பிரதி எடுக்கிற ஆய்வுகூடங்களுக்கு ‘ஷேர்லி அட்டை’ என்று ஒரு மாதிரிப் படத்தை அனுப்பும். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று அர்த்தம். கறுத்த தோல் உள்ளவர்களைப் பிடித்தால் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும், முகத்தின் நுணுக்கம் இருட்டுக்குள் போய்விடும். அந்தப் பழைய கலியாணப் படங்கள் நம் வீடுகளிலும் இருக்கின்றன. முகம் சரியாக விழவில்லையே என்று மணப்பெண்ணின் நிறத்தைத்தான் எல்லாரும் குறை சொல்லியிருப்பார்கள். கொடக் தன் ஃபிலிமைத் திருத்த முனைந்ததற்குப் பின்னால் சொக்லேட் கம்பனிகளும் மரத் தளபாடக் கம்பனிகளும் செய்த முறைப்பாடுகள் இருந்தன என்று ஊடக ஆய்வாளர் லோர்னா ரோத் எழுதியிருக்கிறார். சொக்லேட்டின் பழுப்பும் மரத்தின் பழுப்பும் சரியாக விழவில்லை என்பது அவர்கள் முறைப்பாடு. பல நிறப் பெண்கள் சேர்ந்து இருக்கிற மாதிரி அட்டை 1990களில்தான் வந்தது. எனக்கு இந்தத் தகவல் இன்னும் வலிக்கிறது.

எத்தனை பேர் என்று எண்ணுவது முதல் படி. எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது அடுத்தது, கஷ்டமானதும் அதுதான். சமூகவியலாளர் இர்விங் கொஃப்மன் 1970களில் நூற்றுக்கணக்கான விளம்பரப் படங்களைச் சேர்த்து வைத்து ஆராய்ந்தார். பெண்கள் தலையைச் சாய்த்து நிற்கிறார்கள், ஒரு முழங்காலை மடக்கி நிற்கிறார்கள், படுத்திருக்கிறார்கள், பொருளைப் பிடிப்பதற்குப் பதில் விரல் நுனியால் தடவுகிறார்கள். ஆண்கள் காலை ஊன்றி நின்று பொருளை இறுக்கிப் பிடிக்கிறார்கள். உடற்பயிற்சி இதழ் அட்டையை இந்தக் கண்ணோடு பாருங்கள். பயிற்சியைப் பற்றிய இதழ், ஆனால் அட்டைப் பெண் பெரும்பாலும் பயிற்சி செய்வதில்லை. வியர்வை இல்லை, மூச்சு வாங்கவில்லை, முடி கலையவில்லை. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஆண்களுக்கான இதழில் தசை முறுக்கேறி இருக்கும், முகம் இறுகி இருக்கும்.

கறுப்பின விளையாட்டு வீராங்கனை வரும்போது இன்னொரு கோணல் சேர்கிறது. வெள்ளையின வீராங்கனை வென்றால் உழைப்பு, ஒழுக்கம், மூளை என்று எழுதுவார்கள். கறுப்பினத்தவர் வென்றால் பிறவிப் பலம், இயற்கையான உடல் என்று எழுதுவார்கள். கேட்கப் புகழ்ச்சி மாதிரித்தான் இருக்கும். ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி வருசக்கணக்காகப் பயிற்சி எடுத்த உழைப்பு அந்த ஒரு வரியில் காணாமல் போய்விடுகிறது. விலங்குக்குச் சொல்கிற மாதிரியான புகழ்ச்சி அது. இன்னொரு பக்கம், 2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் கேபி டக்ளஸ். அப்போது அவருக்குப் பதினாறு வயது. சமூக ஊடகங்களில் பலர் பேசியது அவர் முடி சரியாக வாரப்படவில்லை என்று. அப்படிப் பேசியவர்களில் கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள். அட்டைப்படங்கள் வகுத்த அளவுகோல் அடிபட்டவர்கள் கைக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கறுத்தப் பிள்ளை என்று பிறந்த குழந்தையைப் பார்த்து உச்சுக்கொட்டுகிற நம் வீட்டுக் கிழவிகளை எனக்குத் தெரியும். அவர்களும் கறுப்புத்தான்.

யோகா விஷயத்தில் இது நமக்கு இன்னும் கிட்ட வருகிறது. ‘யோகா ஜேர்னல்’ 1975இல் கலிபோர்னியாவில் தொடங்கிய இதழ். ஆசனங்கள் தெற்காசியாவிலிருந்து போனவை, பெயர்களும் சமஸ்கிருதம். அட்டைகளில் நெடுங்காலம் நிறைந்திருந்ததோ ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்கள். 2019 தொடக்கத்தில் ஜெஸமின் ஸ்டான்லி என்ற கறுப்பின, பருத்த உடல் யோகா ஆசிரியையை அந்த இதழ் அட்டையில் போட்டது. ஆனால் அதே இதழுக்கு ஒல்லியான வெள்ளைக்கார ஆசிரியை ஒருவரின் படத்தோடு இன்னொரு அட்டையும் அச்சடித்தார்கள். இவர் விற்காவிட்டால் அவர் விற்பார் என்று காப்பு வைத்த மாதிரி இருக்கிறதே என்று வாசகர்கள் கொதித்தார்கள். இதழ் மன்னிப்புக் கேட்டது. டக்மன் சொன்ன மூன்றாவது வழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. படம் வந்தது, அதன் எடை மட்டும் குறைக்கப்பட்டது.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷோ 1989இல் முன்வைத்த ஒரு கருத்து கட்டாயம் தெரிய வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்துக்கு எதிரானது. கறுப்பினப் பெண்கள் தங்களுக்குப் பாகுபாடு நடந்ததாக வழக்குப் போட்டார்கள். நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறதே என்றது நீதிமன்றம். எடுத்ததென்னவோ அலுவலகத்து வேலைக்கு வெள்ளையினப் பெண்களை. கறுப்பர்களை எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, தொழிற்சாலையில் கறுப்பின ஆண்கள் இருந்தார்கள். இரண்டு கணக்கிலும் சேராமல் நடுவில் விழுந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். பால், இனம் இரண்டையும் தனித்தனியாக எண்ணினால் இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிற்பவள் கண்ணில் படமாட்டாள்.

நமக்கும் இது பொருந்தும். இலங்கைப் பெண் என்று கொழும்பு இதழ்கள் காட்டுகிற முகம் வேறு. தோட்டத் தொழிலாளர் என்று தொலைக்காட்சியில் பேசுகிற தொழிற்சங்கத் தலைவர்கள் ஆண்கள். சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். இரண்டு இடத்திலும் இல்லாதவள் மலையகப் பெண்.

ஆனால் படத்தில் அவளுக்குக் குறைவில்லை. இலங்கையில் அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட பெண்கள் யார் என்று கேட்டால் கொழுந்து பறிக்கிறவர்கள் என்றுதான் நான் சொல்வேன். தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்களை வாங்கிய பிறகு, தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்தபோதே அதில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் இருந்தாள். தேயிலைப் பெட்டி, தபாலட்டை, சுற்றுலாச் சுவரொட்டி என்று நூற்றுச் சொச்சம் வருசமாக அவள் அங்கேயே நிற்கிறாள். அந்தப் படத்தைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்ற சேலை, மூக்குத்தி, புதுக் கூடை, இரண்டு விரலுக்கு நடுவில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். முகம் கமராவைப் பார்த்துச் சிரிக்கும். சேலை நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்கு இருக்காது. மழைக்குப் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் தாள், சேலைக்கு மேல் மாட்டிய பழைய ஆண்கள் சட்டை, அட்டைக்கடிக்குக் காலில் தேய்த்த சவர்க்காரம் எதுவும் இருக்காது. பெயரும் இருக்காது. தேயிலைக்குப் பெயர் இருக்கும், தோட்டத்துக்குப் பெயர் இருக்கும், மலை உயரம் எத்தனை அடி என்றுகூடப் போட்டிருக்கும்.

அவளுடைய நாளைப் பாருங்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போய், செங்குத்தான மலையில் ஏறி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, மட்டக்கம்பைச் செடிமேல் வைத்து மட்டம் பார்த்துக்கொண்டு இரண்டு கையாலும் பறிக்கிறாள். பல தோட்டங்களில் முழுப்பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக் கூலிக்கு, 18 கிலோவுக்குக் குறையாமல் நிறை கேட்கிறார்கள், சில இடத்தில் அதற்கும் மேலே. குறைந்தால் அரைப்பேர். பாரம் சுமந்து படி ஏறுவதை உடற்பயிற்சி இதழ்கள் தனிப் பயிற்சியாகவே எழுதுகின்றன. அதைச் செய்கிற மலையகப் பெண் எந்த இதழிலும் பலசாலியாக வந்து நான் பார்த்ததில்லை. அவள் அழகான இயற்கைக் காட்சியின் ஒரு பகுதியாகத்தான் வருகிறாள்.

அதற்காக அவளை நம் ஊர் உடற்பயிற்சி நாயகி என்று தூக்கிப் பிடிக்கவும் நான் வரவில்லை. அப்படிச் செய்தால் கறுப்பின வீராங்கனைக்குச் சொன்ன அதே பிறவிப் பலக் கதையைத்தான் திருப்பிச் சொல்வோம். கொழுந்து பறிக்கப் பெண்களின் மெல்லிய விரல்தான் தோது என்று தோட்டத்துரைமார் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். விரலின் இயல்பு என்று சொல்லிவிட்டால் அது கற்றுக்கொண்ட தொழில்திறமை என்று கணக்கில் வராது, அதற்குத் தகுந்த கூலியும் கொடுக்க வேண்டியதில்லை. உடற்பயிற்சிக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் உண்டு, எப்போது நிறுத்துவது என்பதும் செய்கிறவள் கையில். மலையில் இவை அவள் கையில் இல்லை. இடுப்புவலியும் இரத்தச்சோகையும் நம் லயங்களில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், எவ்வளவு சாதாரணம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அளவுகோல்களிலும் இதே பிரச்சினை வருவதால் ஒரு சின்னக் குறிப்பு. இதழ்களும் ஜிம்களும் சொல்கிற உடல் நிறைச் சுட்டி (கிலோவில் எடையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது), 1830களில் பெல்ஜியத்தின் கணித அறிஞர் குவெட்லெ ஐரோப்பிய உடல்களை அளந்து கண்ட கணக்கிலிருந்து வந்தது. பொதுவாக 25க்கு மேல் போனால் அதிக எடை என்பார்கள். ஆசிய உடல்களுக்கு நீரிழிவு போன்ற ஆபத்து அதற்கு முன்பே கூடுவதால் 23 என்ற அளவிலேயே கவனம் வேண்டும் என்று 2004இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு சொன்னது. ஆகவே வெளிநாட்டு இதழில் இருக்கிற அட்டவணையை அப்படியே நம்பாமல் நம் கிளினிக்கில் கேளுங்கள்.

இதழ்கள் மாறவே மாட்டா என்று நினைக்க வேண்டாம். வாசகர்களிடம் கருத்துக் கேட்ட பிறகு ‘விமன்ஸ் ஹெல்த்’ 2016இல் ‘பிகினி உடல்’ என்ற சொல்லையும் ‘இரண்டு சைஸ் குறையுங்கள்’ என்ற சொல்லையும் அட்டையிலிருந்து எடுத்தது. தென்னாசியாவில் 1975 முதல் விற்ற ‘ஃபெயார் அண்ட் லவ்லி’, 2020இல் பெயரை ‘குளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றிக்கொண்டது. இரண்டுக்கும் பின்னால் கேள்வி கேட்டவர்கள் இருந்தார்கள். பெயர் மாறிய அந்தக் கிறீமின் விளம்பரத்தில் முகங்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆய்வாளர்கள் உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பது இதைத்தான், கொப்பியும் பேனையும் இருந்தால் போதும். முதலில் எதை எண்ணப்போகிறீர்கள் என்று எல்லை போடுங்கள். ஒரே இதழின் ஒரு வருசத்து அட்டைகளாக இருக்கலாம், ஒரு இதழ்ப் பக்கத்தில் கடைசியாக வந்த ஐம்பது படங்களாகவும் இருக்கலாம். பிடித்ததைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. பிறகு கோடு போட்டுப் பிரித்து ஒவ்வொரு படத்துக்கும் எழுதுங்கள்: பெண்ணின் நிறம், முடி, பயிற்சி செய்கிறாளா சும்மா நிற்கிறாளா, முழு உடலா முகமா, பெயர் போட்டிருக்கிறார்களா, அவள் சொன்ன வார்த்தை ஏதாவது இருக்கிறதா, பக்கத்தில் என்ன விளம்பரம். தோழி ஒருத்தியிடம் அதே படங்களைக் கொடுத்து, உங்கள் கொப்பியைக் காட்டாமல் அவளையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு கொப்பியும் பெருமளவு ஒத்துப்போனால்தான் உங்கள் எண்ணிக்கையை நம்பலாம். ஒத்துப்போகாத இடங்களில் சண்டை பிடியுங்கள். இவள் மாநிறமா வெள்ளையா என்று அடிபடுகிறபோது நம் கண் எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது என்பது நமக்கே தெரியவரும்.

அப்புறம், நம் கையிலேயே இப்போது கமரா இருக்கிறது. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்ததும் பேஸ்புக்கில் போடுகிற படங்களில் பாதி, மாலை போட்ட விருந்தினரும் மேடையும். பிள்ளை ஓடுகிற படம் ஒன்றோ இரண்டோ, அதுவும் மங்கலாக. அடுத்த முறை முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய்க் குந்துங்கள். மதிய வெயிலில் கறுத்த முகம் நிழலாக விழும், போனில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நிறத்தை வெளுக்கவைக்கிற ஃபில்டரை நிறுத்திவிடுங்கள். வாய் திறந்து, பல்லைக் கடித்து, கால் மண்ணோடு அவள் ஓடிவருகிற படத்தைப் போடுங்கள். அவளிடம் கேட்டுவிட்டு, கீழே அவள் பெயர், அவள் தோட்டம், ஓடிய தூரம், எடுத்த நேரம் எல்லாவற்றையும் எழுதுங்கள்.